குடம் நிரம்பும் வரை

சென்னைக்குக் குடிதண்ணீர் வந்த வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஏரியில் தொடங்கிச் சுத்திகரிப்பு நிலையத்தில் முடித்துவிடுகிறார்கள். எந்த ஆண்டில் எந்தப் பொறியாளர், எத்தனை கேலன், எத்தனை மைல் குழாய் என்று எல்லாம் கிடைக்கும். அந்தக் குழாய் தெருமுனையில் வந்து நின்ற இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு பக்கம் தேடினாலும் அகப்படுவது கஷ்டம். அங்கே காலிக் குடத்தோடு நின்றவர்கள் பெண்கள். அவர்கள் அங்கே மணிக்கணக்கில் நின்றார்கள், நின்றபடியே பேசினார்கள். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை அங்கே சொன்னார்கள். அதற்கு அங்கேயே வழியும் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பேச்சையும் இந்த நகரத்தின் வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தன வீட்டில் பிறந்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்து, பிறகு வடசென்னையிலேயே பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

குழாயடியில் அத்தனை நேரம் நிற்க வேண்டி வந்தது ஏன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது பெண்களின் சோம்பலாலோ வாயாலோ வந்ததல்ல.

இந்த ஊரில் ஆங்கிலேயர்கள் முதன்முதலாகத் திட்டம் போட்டுத் தண்ணீர் எடுத்தது கோட்டைக்காகத்தான். 1772-இல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி ஏழுகிணற்றில் கிணறுகள் வெட்டி, அந்தத் தண்ணீரைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஜனங்கள் தங்கள் கிணற்றையும் குளத்தையும் நம்பி இருந்தார்கள். ஊருக்கென்று ஒரு திட்டம் வர மேலும் நூறு ஆண்டு ஆனது. ஃப்ரேசர் என்ற பொறியாளர் 1866-இல் போட்ட திட்டத்தின்படி, கொசஸ்தலையாற்றில் தாமரைப்பாக்கத்தில் தண்ணீரை மறித்து, சோழவரம் ஏரிக்கும் செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, அங்கிருந்து திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1872-இல் அந்தத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. அதை வடிகட்டவில்லை. கால்வாயில் என்ன விழுந்ததோ அதுவும் சேர்ந்தே வந்தது. மேட்லி என்ற பொறியாளர்தான் செங்குன்றத்திலிருந்து மூடிய கால்வாய் கட்டி, கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைத்தார். 1914-இல் அது வேலை செய்யத் தொடங்கியது. தியாகராய நகரில் இருக்கும் மேட்லி சாலை அவர் பெயரில் உள்ளதுதான்.

இதில் ஒரு கணக்கை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1961-இல் சென்னையில் சுமார் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்த்து, அவர்களுக்குப் போதுமான அளவில் கீழ்ப்பாக்கம் நிலையத்தைக் கட்டினார்கள். 1941-இலேயே மக்கள்தொகை அதைத் தாண்டிவிட்டது. 1961 கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இடையில் சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது முனைந்து தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் ஊரின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் பற்றாக்குறை தீரவில்லை. ஏரி எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்துவிட்டால் அடுத்த சித்திரையில் குழாயில் காற்றுதான் வரும். ஆகவே ஒரு குழாய்க்கு இத்தனை குடும்பம் என்று ஆனது. ஒரு குடம் நிரம்ப எடுக்கும் நேரமும் கூடிக்கொண்டே போனது.

எங்கள் தெருக்குழாய் ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. தண்ணீருக்கு மேலே ஏறி வரும் அழுத்தம் இல்லாததால் குழாயைத் தேடி நாம் கீழே இறங்க வேண்டியதாயிற்று. தெருமட்டத்திலிருந்து இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டி, பக்கத்தில் செங்கல் அடுக்கி, அதற்குள் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து குடத்தை வைப்பாள். நிறைந்த குடத்தை மேலே நிற்பவள் குனிந்து வாங்குவாள். இதனாலேயே யாரும் தனியாகத் தண்ணீர் பிடிக்க முடியாது. சண்டை போட்டவளிடமே குடத்தைக் கொடுக்க வேண்டும், அவளும் வாங்கத்தான் வேண்டும். பிறகு பல தெருக்களில் அதே குழாய்க் கோட்டில் அடிபம்பு வைத்தார்கள். கை வலிக்க வலிக்க அடித்து இழுத்தால் தண்ணீர் வரும். வசதியுள்ள வீடுகளில் மோட்டார் போட்டு இழுத்துவிட்டால் பம்பில் அதுவும் வராது.

தண்ணீர் பெரும்பாலும் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வரும். வருவதற்கு முன்னால் குழாயிலிருந்து 'உஸ்'ஸென்று காற்றுக் கிளம்பும். அந்தச் சத்தத்துக்கே தெரு விழித்துக்கொள்ளும். ஆனால் வரிசை அதற்கு முன்பே, முந்தைய இரவே போட்டாகிவிடும். குடத்தை வைத்துவிட்டுத் தூங்கப் போனால் குடம் திருடு போகும் என்பதால் உடைந்த செங்கல், ஓட்டை வாளி, கைப்பிடி போன சட்டி, இவற்றை வரிசையில் வைப்பார்கள். இந்தச் செங்கல் இன்ன வீட்டினுடையது என்று எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக் குடம் வந்த பிறகு எல்லாக் குடமும் ஒன்றுபோல இருந்ததால் பெயின்ட்டில் பெயரின் முதலெழுத்தை எழுதினார்கள். எழுதத் தெரியாத வீட்டில் ஒரு பூவோ கோடோ போட்டார்கள். அதற்கு முன் பித்தளைக் குடம்தான். எடை தாங்காமல் சிறுமிகள் அழுததை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த வரிசைக்குச் சட்டம் இருந்தது. அதை எந்த அதிகாரியும் வகுத்துக் கொடுக்கவில்லை. முதல் சுற்றில் வீட்டுக்கு இரண்டு குடம், மீதி இருந்தால் மறுசுற்று. பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு முன்னுரிமை. நிறைமாதக்காரி பள்ளத்தில் இறங்கக் கூடாது, அவள் குடத்தை மற்றவர்கள் பிடித்துக் கொடுக்க வேண்டும். சாவு விழுந்த வீடு என்றால் வரிசையே கிடையாது, அந்த வீட்டுக்கு வேண்டிய அளவு போன பிறகுதான் மற்றவர்களுக்கு. காய்ச்சலில் கிடப்பவன் வீட்டுக்குக் கேட்காமலே ஒரு குடம் போகும். எங்கள் தெருவில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டது முனைவீட்டு ஆயா. அவர் தலைவியாக இருக்க யாரும் ஓட்டுப் போடவில்லை. நியாயமாக நடந்துகொண்டார், அதனால் எல்லோரும் கேட்டார்கள்.

குழாயடிச் சண்டை என்று பத்திரிகைத் துணுக்கிலும் சினிமாவிலும் காலமெல்லாம் சிரித்திருக்கிறார்கள். சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தாலும் அதைத்தான் உவமை சொல்வார்கள். கிராமத்துத் தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகம் கிடைத்தது. 1981-இல் பாலசந்தர் அதைப் படமாகவும் எடுத்தார். நகரத்துக் குழாயடிக்கு அப்படி ஒரு நாடகம் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. சண்டை நடந்தது உண்மைதான். ஆனால் நடந்த சண்டையைவிட நடக்காமல் தடுத்த சண்டைகள் அதிகம். இரவு வைத்த ஒரு செங்கல் காலையில் அதே இடத்தில் இருக்கும் என்று அத்தனை குடும்பங்களும் நம்பியது சிறிய விஷயமல்ல.

ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்குத்தான் குழாயடியின் அருமை தெரியும். பத்துக்குப் பத்து அறை, அதற்குள் மாமியார், நாத்தனார், கொழுந்தன், பிள்ளைகள். ஒரு மருமகள் வாய்விட்டு ஒரு பெருமூச்சு விட்டாலும் நான்கு பேர் காதில் விழும். பொதுநடையில் நின்று பேசினால் பக்கத்துக் குடித்தனம் கேட்கும். கோயிலுக்குப் போகவும் அம்மா வீட்டுக்குப் போகவும் அனுமதி வேண்டும். 'தண்ணி எடுக்கப் போறேன்' என்பதற்கு மட்டும் யாரும் தடை சொல்ல மாட்டார்கள். அதில் எத்தனை நேரம் ஆனாலும் கேள்வி இல்லை. இருட்டு வேறு. முகம் தெரியாத இருட்டில், எல்லோரும் குழாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, சொல்ல முடியாததைச் சொல்வது எளிதாக இருந்தது.

அப்படி ஒரு விடியற்காலையைச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணுக்கு முதல் குழந்தை பிறந்து சில நாளிலேயே இறந்துவிட்டது. தீட்டு கழிந்ததும் அவளைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டார்கள். குடத்தோடு வந்து வரிசையில் நின்றாள். ரவிக்கை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆயா தன் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போனார்.

"பால் கட்டிக்கிச்சாம்மா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"பிழிஞ்சு விடாத, பிழிஞ்சா இன்னும் ஊறும். மல்லிப்பூ வெச்சுக் கட்டு. வாடினதும் எடுத்துட்டுப் புதுசு வை. ரெண்டு மூணு நாள்ல வத்திடும்."

பூக்கட்டி விற்கும் அக்காவும் அந்த வரிசையில் இருந்தார். "நீ எங்கயும் அலைய வேணாம். சாயங்காலம் நான் கொண்ணாந்து குடுக்கறேன்" என்றார். அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். அவள் வீட்டில் அழ இடமில்லை. பள்ளத்தில் இருந்தவள் தண்ணீர் வழிவதைக்கூடப் பார்க்காமல் நின்றுவிட்டாள். அந்தப் பெண்ணின் குடம் இரண்டையும் அன்று யாரோ தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள்.

நான் அப்போது சிறுமி. மல்லிப்பூ வைத்தால் பால் வற்றும் என்பது கிழவிகளின் நம்பிக்கை என்றுதான் வளர்ந்த பிறகு நினைத்திருந்தேன். 1988-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. பால் சுரப்பை நிறுத்த வேண்டிய தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு மல்லிகைப் பூவையும், மற்றவர்களுக்கு அப்போது வழக்கில் இருந்த புரோமோகிரிப்டின் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரு பிரிவினருக்கும் ரத்தத்தில் குறைந்தது. மாத்திரையில் கூடுதலாகக் குறைந்தாலும், பால் கட்டும் வேதனையைத் தணித்துச் சுரப்பை நிறுத்துவதில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. எந்த ஆய்வும் தெரியாமல் ஆயா சொன்னது அதைத்தான்.

எல்லா யோசனையும் இப்படிச் சரியாக இருந்ததென்று சொல்ல மாட்டேன். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அது உயிரைக் குடிக்கும் யோசனை. அதைத் திருத்தியதும் குழாயடிதான். சுகாதார நிலையத்து நர்சம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்து, கதவுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டு, கடைசியில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குழாயடிக்கு வந்து நின்றார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் எத்தனை சர்க்கரை, எத்தனை உப்பு என்று அங்கே கலக்கிக் காட்டினார். ஒருத்தி தன் பிள்ளைக்குக் கொடுத்துப் பிள்ளை தெளிந்துவிட்டதும் அடுத்த வாரத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அரசாங்கத்துச் சுவரொட்டியால் அவ்வளவு வேகம் போக முடியாது.

பேசியதெல்லாம் துக்கம் மட்டுமல்ல. அன்றாடக் கஷ்டம்தான் அதிகம். ரேஷன் கடையில் கிருஷ்ணாயில் என்றைக்கு ஊற்றுகிறார்கள், பாமாயில் வந்திருக்கிறதா, கார்டில் பெயர் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும். பம்ப் ஸ்டவ் வெடித்துப் பெண்கள் எரிந்துபோன செய்தி அடிக்கடி வந்த காலம் அது. "நைலக்ஸ் புடவையோட ஸ்டவ்வுகிட்ட போகாத, நூல் புடவைக்கு மாத்திக்க" என்று புதுப்பெண்ணுக்கு முதலில் சொல்வது இதுவாகத்தான் இருக்கும். பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் போவதா, எழும்பூருக்குப் போவதா, கூட யார் வரலாம், என்னென்ன எடுத்துப் போக வேண்டும். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டால் வேலை செய்ய முடியாமல் போகுமா என்று பயந்தவளுக்கு, செய்துகொண்டவள் தன் வயிற்றுத் தழும்பைக் காட்டியே தைரியம் சொன்னாள். சீட்டும் குழாயடியில்தான் சேர்ந்தது. தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு, கஷ்டம் முற்றியவளுக்கு முதலில் எடுத்துக் கொடுக்கும் ஏலச்சீட்டு. புருஷன் கண்ணில் படாமல் காசை எங்கே வைப்பது என்பதும் அங்கே கற்றுக்கொள்ளும் பாடம். அரிசிப் பானைக்குள் வைக்காதே, எல்லா ஆம்பளையும் முதலில் அங்கேதான் கையை விடுவான் என்பார்கள்.

வடசென்னையில் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்த காலத்தில் குழாயடியின் பேச்சு மாறியது. வீட்டுக்கு வீடு ஆண்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் வேலை தேடினார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிர் வெட்ட ஆள் எடுக்கிறார்கள், எம்.சி. ரோட்டுக் கடைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுத்தால் புடவைக்கு இவ்வளவு தருகிறார்கள், இன்ன தெருவில் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டுமாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தன் கூலியை வெளியே சொல்லக் கூடாது என்று எந்தக் கம்பெனியிலும் எழுதி வாங்கவில்லை. இவள் பத்து ரூபாய் குறைவாக வாங்குகிறாள் என்று தெரிந்ததும் மறுநாளே கேட்க வைத்தார்கள். வேலை போன ஏக்கத்தில் குடித்துவிட்டு அடிக்கிறவன் வீட்டுப் பெண்ணுக்கு அவர்கள் சொன்ன யோசனை இன்றும் என் காதில் இருக்கிறது: "வாயை மூடிக்கிட்டு அடி வாங்காத. கத்து. கத்தினா நாங்க வந்து நிப்போம்." போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போகவில்லை, ஒன்றும் பேசவில்லை, வாசலில் வரிசையாக நின்றார்கள். அவன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். அதனால் அவன் திருந்தினான் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அடி நின்றது.

இந்த வட்டத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் பொதுக் குளமும் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னை மாகாண சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. தீர்மானம் நிறைவேறிப் பல பத்தாண்டு கழித்தும் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சேரிக்குத் தனிக்குழாய்தான், அதுவும் கோட்டின் கடைசியில். அங்கே தண்ணீர் நின்றுபோகும் நாளில் அந்தப் பெண்கள் எங்கள் குழாய்க்கு வருவார்கள். எங்கள் வரிசை முடியும் வரை தள்ளி நிற்பார்கள். அவர்கள் பிடித்துப் போன பிறகு, இரண்டு கை தண்ணீர் வாரிக் குழாய் வாயைக் கழுவிவிட்டுத் தன் குடத்தை வைத்தவர்களும் எங்கள் தெருவில் இருந்தார்கள். ஒருத்தியின் பால் கட்டிய வலியைப் புரிந்துகொண்ட அதே பெண்கள்தான். நர்சம்மா சொன்ன உப்புச் சர்க்கரைத் தண்ணீர் அந்தக் குழாய்க்கு எங்கள் குழாயிலிருந்து போகவில்லை. அவர்களுக்கு நர்சம்மா தனியாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள் என்ற செய்தி வந்தபோது எனக்கு அந்தக் கழுவிய குழாய்தான் நினைவுக்கு வந்தது. இது பழங்கதை என்று யாரும் சொல்ல முடியாது.

பெண்களின் உடம்பும் பிள்ளைகளின் படிப்பும் இன்னொரு விலை. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் பதினைந்து லிட்டர் பிடிக்கும். அதாவது பதினைந்து கிலோ. ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்குக் குறைந்தது பத்துக் குடமாவது வேண்டும். அதை இடுப்பில் வைத்துப் படியேறி, மாடிக் குடித்தனமானால் இரண்டு மாடி ஏறி, ஒவ்வொரு நாளும். பிரசவமான சில வாரத்திலேயே குடம் தூக்கிக் கர்ப்பப்பை இறங்கிப்போனவர்களைத் தெருவுக்குத் தெரு காட்டலாம். பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்வார். யார் தூக்குவது என்று அவரால் சொல்ல முடியாது. நான் ஆசிரியையான பிறகு முதல் பாடவேளையில் தூங்கிவிழும் பெண் குழந்தைகளை ஒரு நாளும் எழுப்பித் திட்டியதில்லை. தெருவில் அன்று தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் கேட்பேன். ஆகையால் அந்த நாள் திரும்ப வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை. வீட்டுக்குள் குழாய் வந்தது பெண்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை.

அந்த விடுதலை மெதுவாகத்தான் வந்தது. வீராணத்துத் தண்ணீரைக் கொண்டுவருகிறோம் என்று 1960-களின் கடைசியில் தொடங்கிய திட்டம் பாதியில் நின்று, பெரிய பெரிய குழாய்கள் சாலையோரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 1978-இல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் அமைத்தார்கள். மக்கள் வாயில் அது மெட்ரோ வாட்டர் ஆனது. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது கிருஷ்ணா நதி நீருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. தண்ணீர் பூண்டிக்கு வந்துசேர்ந்தது 1996-இல். அதற்குள் ஒப்பந்தம் போட்டபோது பிறந்த பெண் குழந்தை குடம் தூக்கும் வயதுக்கு வந்துவிட்டாள்.

2003, 2004-இல் ஏரிகள் வறண்டு குழாய்த் தண்ணீரே நின்றுபோனது. தெருமுனையில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியும் தண்ணி லாரியும் வந்தன. குழாயடிப் பழக்கமெல்லாம் அந்த ஆண்டுகளில் ஆட்டம் கண்டது. குழாய்க்கு நேரம் உண்டு, லாரிக்கு நேரம் கிடையாது. ஆகவே செங்கல் வைத்து வரிசை போட முடியாது. ஹாரன் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் குழாயை முதலில் பிடித்தவளுக்குத் தண்ணீர். ஆயா இறந்து பல காலம் ஆகியிருந்தது. இருந்திருந்தாலும் அந்த ஓட்டத்தில் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. பெண்கள் ஒருவரையொருவர் கீழே தள்ளியதை அப்போதுதான் பார்த்தேன். நிற்க நேரம் இல்லாதபோது பேச்சும் இல்லை. 2004-இல் புதிய வீராணம் திட்டம் முடிந்து தண்ணீர் வந்தது. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. ஆனாலும் 2019 கோடையில் ஏரிகள் மறுபடி காய்ந்து, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்ப்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்தது.

எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு இணைப்பு இருக்கிறது. பள்ளத்தை மூடித் தார் போட்டுவிட்டார்கள். ஒண்டுக்குடித்தனங்களை இடித்து அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். அங்கே புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகி, பால் கட்டி, காய்ச்சல் கண்டு, பக்கத்து வீட்டில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு நாள் அப்படியே இருந்திருக்கிறாள். அதை அறிந்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கட்டடத்தில் குழாய் எல்லா அறையிலும் இருக்கிறது. பெண்கள் நின்று பேச ஓர் இடம் கட்டியிருக்கலாம். குடியிருப்புத் திட்டம் போடுகிறவர்கள் வாகனம் நிறுத்த எத்தனை சதுர அடி என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் இதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்க முடியும். அனுமதி கேட்காமல் வந்து நிற்கக்கூடிய இடமாகவும், அன்று எங்கள் குழாயடியில் தள்ளி நின்றவர்களும் சேர்ந்து நிற்கிற இடமாகவும் அது இருக்க வேண்டும்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்த தலைமுறைக்கு இப்போது அறுபதும் எழுபதும் ஆகிவிட்டது. அவர்கள் பேசியதை யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ உட்கார்ந்து கேளுங்கள். குழாய் எந்த முனையில் இருந்தது, தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, வரிசையை யார் பார்த்துக்கொண்டார்கள், யாரைத் தள்ளி நிற்க வைத்தார்கள், அங்கே கேட்ட எந்த யோசனை அவர்களுக்குக் கைகொடுத்தது என்று கேட்டு, தெருப் பெயரும் ஆண்டும் போட்டு எழுதி வையுங்கள். தள்ளி நிற்க வைக்கப்பட்டவர்களின் வீட்டிலும் போய்க் கேளுங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.